நெட்டையும் குட்டையும் ஒரு பானெட்டும்

பானெட் மூடவில்லை.

வெர்லின் ஆம்ஸ்டட்ஸ் மெதுவாக அழுத்திப் பார்த்தார். மூடவில்லை. செல்லமாகத் தட்டிப் பார்த்தார். அதற்கும் மசியவில்லை. கடைசியில் திரும்பி நின்று, அறுபது வருடமாகச் சோளமும் பன்றிக்கறியும் போட்டு வளர்த்த தன் பின்புறத்தை அதன் விளிம்பில் பக்குவமாக இறக்கினார். உள்ளே ஏதோ 'ணங்' என்றது. பதறி எழுந்து, தகட்டில் குழி விழுந்ததா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். குழி இல்லை. ஆனால் பானெட் ஒரு விரற்கடை வாயைத் திறந்துகொண்டு அப்படியே நின்றது.

"அளந்துதானே மாட்டினேன்!" என்றார், காரைப் பார்த்து.

அளந்தது உண்மை. கார், அறுபத்தேழாம் வருடத்து ஃபேர்லேன். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், வெளிர்நீலம். கார்ல் பாசிங்கர் என்ற விவசாயி அதைப் புதிதாகப் பெற்று, சாகும்வரை கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். அவர் போனபின் ஏலத்தில் வெர்லின் எடுத்தார். அந்த வண்டியில் அவருக்கு எல்லாமே பிடிக்கும் என்றாலும் பானெட்தான் உயிர். ஒரு வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, தட்டைக் கல்லாய்ப் பளபளவென்று இருக்கும்.

அப்படிப்பட்ட மனிதருக்குக் குளிர்காலத்தில் ஒரு ஆசை வந்தது. வெளியே முழங்கால் உயரம் பனி கிடந்தால் ஒஹாயோக்காரனுக்கு இரண்டே வேலை: ஒன்று பனியைத் தள்ளுவது, இன்னொன்று உதிரிபாகப் புத்தகத்தைப் புரட்டுவது. புரட்டிய இடத்தில் ஒரு நெட்டை இன்டேக் மேனிஃபோல்டு கண்ணடித்தது. என்ஜினின் நடுவில் உட்கார்ந்து, தலையில் கார்புரேட்டரைச் சுமந்துகொண்டு, எட்டு சிலிண்டருக்கும் காற்றையும் பெட்ரோலையும் பங்கு போட்டுக் கொடுக்கும் வார்ப்புதான் மேனிஃபோல்டு. வண்டியோடு வந்தது குட்டை. நெட்டை மாட்டினால் என்ஜின் தாராளமாக மூச்சு வாங்கும், வண்டி பாயும். ஒரே சங்கடம், மேனிஃபோல்டு உயர்ந்தால் அதன் மேல் கார்புரேட்டர் உயரும். அதன் மேல் உட்காரும் ஏர் ஃபில்டர் டப்பாவும் உயரும். அதற்கும் மேலே இருக்கும் பானெட் மட்டும் உயராது.

இதற்கு அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு அளவு தெரியும். டப்பாவின் தலையில் ஒரு களிமண் உருண்டையை வைத்து பானெட்டை மூடித் திறக்க வேண்டும். உருண்டை நசுங்கி எவ்வளவு கனத்தில் நிற்கிறதோ அவ்வளவுதான் இடைவெளி. வெர்லினிடம் களிமண் இல்லை. சமையலறையில் மனைவி ஆர்டித் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு எலுமிச்சை அளவு கிள்ளிக்கொண்டு வந்தார். அளவுகோல் வைத்தார். இடம் தாராளமாக இருந்தது. உடனே நெட்டைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது ஆர்டித் கையைத் துடைத்துக்கொண்டே கொட்டகைக்குள் வந்தாள்.

"என்ன, காரோட சண்டையா?"

"மாவு வச்சு அளந்தேன் ஆர்டித். ரெண்டு அங்குலம் இருந்துச்சு. இப்ப மூட மாட்டேங்குது."

"எந்த மாவு?"

"உன் மாவுதான். அன்னிக்கு சட்டியில இருந்துச்சே."

"பானெட்டைத் திறந்ததும் அளந்தியா?"

"திறந்தேன். அதுக்குள்ள ஃபோன் அடிச்சுது. உன் தம்பி ஹெர்ஷல். பேசிட்டு வந்து அளந்தேன்."

ஆர்டித் கை துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டாள்.

"ஹெர்ஷல் ஃபோனை எடுத்தா எப்ப வைப்பான்னு உனக்குத் தெரியும். அது பன்னு மாவு வெர்லின். ஈஸ்ட் போட்டது. என்ஜின் சூட்டுல நல்லா உப்பியிருக்கும். நீ அளந்தது பானெட்டை இல்ல, என் பன்னை."

பழைய குட்டையையே திருப்பி மாட்டலாம் என்றால், அது வார்ப்பிரும்பு. கழற்றும்போது கை நழுவி, அவர் காலில் இடித்துச் சிமெண்ட் தரையில் விழுந்து இரண்டாகிவிட்டது. அதனால் வந்த கால் வலி இன்னும் போகவில்லை.

அன்று சாயங்காலமே வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஹெர்ஷல் இறங்கினான். கையில் தகடு அறுக்கும் ரம்பம்.

"அக்கா ஃபோன்ல சொன்னா. மச்சான், எந்த இடத்துல அறுக்கணும்? கோடு போட்டுக் கொடுங்க போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

இந்த இடத்தில் ஒரு பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊர்க் கார் சங்கம் கோடையில் நீதிமன்றச் சதுக்கத்தில் ஒரு கண்காட்சி நடத்தும். அதில் 'தொடாத தகடு' என்று ஒரு பிரிவு. தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பானெட், அறுபடாமல் இருக்க வேண்டும். ஓடும் என்ஜின் மேல் அது ஒழுங்காக மூட வேண்டும். விதியை எழுதியவர் வெர்லின். தலைமை நடுவரின் சிவப்புத் தொப்பியும் அவர் தலையில்தான். போன கோடையில் ஹெர்ஷலின் வண்டியில், பானெட்டின் அடியில் பட்டாணி அளவில் ஒரு ஓட்டை இருப்பதைக் கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்து, ஊர் முன்னால் அவனை வரிசையிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார். அதோடு விட்டாரா? அன்று விருந்தில் உருளைக்கிழங்கு சாலட்டை வாயில் வைத்துக்கொண்டே, "என் பானெட்ல ஒரு ஓட்டை விழட்டும், இல்ல அசல் இல்லைன்னு ஆகட்டும், அன்னிக்கே இந்தத் தொப்பியக் கழட்டி உன் தலையில வைக்கிறேன்டா" என்று சபதமும் செய்தார்.

கண்காட்சி வருகிற சனிக்கிழமை.

"ரம்பத்தை உள்ள வை" என்றார் வெர்லின். "என் பானெட்ல காத்துகூட ஓட்டை போட முடியாது."

"போடாட்டி மூடாது மச்சான்."

"மூடும்."

"எப்படி?"

எப்படி என்று வெர்லினுக்கும் தெரியாது. ஆனால் மச்சினன் முன்னால் அதைச் சொல்லும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

அவன் போனதும், ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு ஒரு சப்பட்டை டப்பா மாட்டினார். இந்த முறை மாவு இல்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் களிமண்ணில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து வைத்தார். பானெட் மூடியது! வெர்லின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஆர்டித்தையும் ஏற்றிக்கொண்டு தேவாலயத்துக்குக் கிளம்பினார்.

சப்பட்டை டப்பாவின் மூடி கார்புரேட்டரின் வாயில் ஏறக்குறைய உட்கார்ந்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் யார் ஓடுவார்கள்? நாற்சந்தியில் என்ஜின் இருமியது, தும்மியது, நின்றது. பின்னால் போதகரின் வண்டி. அதன் பின்னால் சபையில் பாதி.

போதகர் இறங்கி வந்தார். "பெட்ரோல் இல்லையா சகோதரா?"

"பெட்ரோல் இருக்கு ஐயா. காத்துதான் இல்ல."

போதகர் வானத்தைப் பார்த்தார். காற்று நன்றாகத்தான் வீசிக்கொண்டிருந்தது. பின்னால் போய்ச் சபையார் மூன்று பேரோடு சேர்ந்து வண்டியைத் தள்ளினார்.

பெரிய டப்பா திரும்ப ஏறியது. மேலே இடமில்லை என்றால் கீழே இறங்குவதுதானே புத்தி? வெர்லின் என்ஜினைத் தாங்கும் ரப்பர்களைச் செதுக்கி, என்ஜினையே கீழே இறக்கினார். இது நல்ல யோசனை என்று அவரே தன்னைப் பாராட்டிக்கொண்டார். பானெட் மூடியது. மூச்சும் வந்தது. வெர்லின் என்ஜினை உறுமவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, "கேட்டியா ஆர்டித்!" என்று கத்தினார்.

ஆர்டித் கேட்டாள். முதலில் உறுமலைக் கேட்டாள். பிறகு, கரும்பு அரைக்கும் இயந்திரத்தில் இரும்பு சிக்கியது போன்ற ஒரு சத்தத்தைக் கேட்டாள். என்ஜின் இறங்கியபோது அதன் மூக்கிலிருந்த விசிறியும் கூடவே இறங்கியிருந்தது. அது ரேடியேட்டரின் அடிக்குழாயை அழகாகக் கடித்துத் துப்பியது. பச்சைத் தண்ணீர் பீறிட்டு, கொடியில் காய்ந்த அவளுடைய வெள்ளை மேசைவிரிப்பில் ஒரு மரத்தை வரைந்தது.

"அது சனிக்கிழமை விருந்துக்கு வச்சிருந்த விரிப்பு" என்றாள் ஆர்டித்.

"துவைச்சா போயிடும்."

"வெர்லின், நான் ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு அங்குலம்தானே. அறுத்துடேன்."

"நீயுமா?"

"அந்தத் தொப்பி உனக்கு நல்லாவும் இல்ல."

மறுநாள் காலை மாவட்டத் திடலில் பழைய உதிரிபாகச் சந்தை. வெர்லின் புது ரப்பர்களும் குழாயும் போட்டு என்ஜினைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிட்டு, நெட்டையைக் கழற்றித் தன் பிக்கப் லாரியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தேவை ஒரு குட்டை. அவ்வளவுதான்.

சந்தைக்குப் போகிறவனுக்கு முதல் பாடம், வேண்டியதைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் கிடப்பதைப் பார்க்க வேண்டும். வெர்லினுக்கு இது தெரியும். போய்ட் என்பவன் விரித்திருந்த தார்ப்பாயில் மூன்று குட்டை மேனிஃபோல்டுகள் இருந்தன. வெர்லின் குனிந்து ஒரு சக்கர மூடியை எடுத்து, உலகத்திலேயே அது ஒன்றுதான் தனக்கு வேண்டும் என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

விற்கிறவனுக்கும் ஒரு பாடம் உண்டு. போய்ட் மடக்கு நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"அந்த மூடி உங்க வண்டிக்கு ஆகாது அண்ணே."

"என் வண்டி எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வண்டி தெரியாது. கையில காயம், சட்டையில பச்சைக் கறை, கை மூடியில இருக்கு, கண்ணு மேனிஃபோல்டுல இருக்கு. பானெட் மூடல. சரியா?"

வெர்லின் மூடியைக் கீழே வைத்தார். வேஷம் கலைந்தபின் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

"இது குட்டை" என்று போய்ட் காலால் காட்டினான். "இது அதைவிடக் குட்டை. இந்தக் கடைசி இருக்கே, இது குட்டைக்கெல்லாம் குட்டை. இதை மாட்டினா பானெட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவுல நீங்க மத்தியானம் படுத்துத் தூங்கலாம்."

"ஓடுமா?"

"மூடும்."

"ஓடுமான்னு கேட்டேன்."

"அண்ணே, நீங்க மூடணும்னு வந்தீங்களா, ஓடணும்னு வந்தீங்களா? ரெண்டும் வேணும்னா அது வேற கடை."

வெர்லின் முதல் குட்டையைத் தொட்டார். அது போதும் போலத்தான் இருந்தது. ஆனால் 'போல' என்ற சொல்லால் அவர் ஏற்கெனவே ஒருமுறை அடி வாங்கியிருந்தார். நடுக்குட்டையைத் தூக்கிப் பார்த்தார். அறிவுள்ளவன் அதைத்தான் எடுப்பான். அப்போது மனதில் ஹெர்ஷல் ரம்பத்தோடு வந்து நின்றான். வெர்லினின் கை தானாகக் கடைசிக் குட்டைக்குப் போய்விட்டது.

"என்ன கேக்கற?"

"உங்க வண்டி பின்னால ஒரு நெட்டை கிடக்குதே, அதைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

"அது புத்தம் புதுசுப்பா!"

"புதுசுதான். உங்களுக்கு ஆகாத புதுசு."

"இது பழசு."

"பழசுதான். உங்களுக்கு ஆகிற பழசு. யோசிச்சுச் சொல்லுங்க, அதோ தொப்பி போட்ட ஒரு ஆளு இதையேதான் பாத்துட்டிருக்காரு."

அந்த ஆள் சோளப்பொரி விற்பவன் என்பது வெர்லினுக்கும் தெரியும். ஆனாலும் ஒருவன் பார்க்கிறான் என்று சொன்னபின் அவசரப்படாத வாங்குபவன் இன்னும் பிறக்கவில்லை.

"சரி, எடுத்துக்க."

"சந்தோஷம். அது பக்கத்துல புகை போட்ட பன்றித்தொடை ஒண்ணு வாசனை வருதே?"

"அது சனிக்கிழமை விருந்துக்கு வழியில வாங்கினது. என் பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா."

"பானெட் மூடாட்டி உயிரோட இருந்து என்ன பண்ணப் போறீங்க?"

வெர்லின் நெட்டையையும் பன்றித்தொடையையும் இறக்கிவிட்டு, குட்டையை ஏற்றிக்கொண்டார். போய்ட் மனம் இரங்கி அந்தச் சக்கர மூடியையும் எடுத்து அவர் கையில் வைத்தான்.

"சும்மா வச்சுக்குங்க அண்ணே. இதைத்தானே பாக்க வந்தீங்க."

குட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. பானெட் 'க்ளக்' என்று மூடியது. அந்தச் சத்தத்தை வெர்லின் பலமுறை கேட்டார். பிறகு ஆர்டித்தை அழைத்து அவளுக்கும் போட்டுக் காட்டினார். பன்றித்தொடை போன கதையை அந்தச் சத்தத்துக்கு நடுவில் சொல்லி முடித்தார். அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு சுற்றுப் போனார்கள்.

வண்டி போனது. அவ்வளவுதான் சொல்லலாம். மிதித்தால் யோசித்தது, யோசித்து முடித்ததும் சம்மதித்தது. மாதாகோயில் மேட்டில் ஒரு வைக்கோல் டிராக்டர் அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஓட்டுனர் மரியாதையாகக் கையசைத்தான். வெர்லினும் அசைத்தார்.

"இந்த வண்டியை நாம எதுக்கு வாங்கினோம் வெர்லின்?"

"பானெட்டுக்கு" என்றார் வெர்லின்.

சனிக்கிழமை சதுக்கத்தில் நல்ல கூட்டம். எலுமிச்சைச் சாறும் வறுத்த சோளமும் மணந்தன. ஃபேர்லேன் மரநிழலில், என்ஜின் மெல்ல ஓட, பானெட் மூடி, கண்ணாடிபோல் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. வெர்லின் தன் வண்டிக்குத் தானே நடுவராக இருக்கக் கூடாது என்பதால், அவருக்குப் பதில் பரிசோதிக்க லெமாயின் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வந்திருந்தார். அவர் கண்ணாடி வைத்து அடியில் பார்த்தார். காந்தம் வைத்து மேலே பார்த்தார். அறுப்பு இல்லை, அடைப்பு இல்லை.

"சுத்தமா இருக்கு" என்றார்.

ஹெர்ஷல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அறுக்கலை, ஒத்துக்கறேன். ஆனா விதியில அசல்னு இல்ல இருக்கு? தொழிற்சாலையில இந்த வண்டியோட வந்த பானெட்தான் இதுன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்?"

"உங்க விதி மச்சான். நீங்கதான் சொல்லணும்."

வெர்லின் சிரித்தார். இதற்கு அவர் தயாராகத்தான் வந்திருந்தார். முந்தின நாளே ஃபோன் போட்டு, பண்ணையிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நான்கு கால் ஊன்றியைத் தள்ளியபடி ஒரு மூதாட்டி வந்தாள். அவள் பெயர் ஃபெர்ன். இறந்துபோன கார்லின் மூத்த சகோதரி. ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். அவள் வாயில் பொய் வராது என்பது ஹெர்ஷலுக்கும் தெரியும். அவளிடம் அவன் அடி வாங்கியிருக்கிறான்.

"வாங்கம்மா, வாங்க. இது உங்க தம்பி வண்டிதானே?"

"கார்லோட வண்டிதான்" என்றாள் ஃபெர்ன். "அப்பா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வாங்கினாரு. அவனுக்கு ரெண்டு கதவு, எனக்கு நாலு கதவு. ஒரே நிறத்துல ரெண்டு எடுத்தா விலை குறைப்பேன்னு கடைக்காரன் சொன்னான். அப்பா விடுவாரா?"

கூட்டம் சிரித்தது. வெர்லின் ஹெர்ஷலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இந்த பானெட்டைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா. இதை உங்களுக்குத் தெரியுமா?"

ஃபெர்ன் ஊன்றியை நிறுத்திவிட்டு முன்னால் வந்தாள். சுருங்கிய கையை நீலத் தகட்டின்மேல் வைத்து, ஓரம்வரை மெல்லத் தடவினாள். முகம் மலர்ந்தது.

"தெரியாம என்ன! எங்க பார்த்தாலும் சொல்லுவேன்."

"கேட்டுக்கடா ஹெர்ஷல்!" என்றார் வெர்லின். "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா, எல்லாருக்கும் கேக்கட்டும். இது யாரோட பானெட்?"

"என்னோடது" என்றாள் ஃபெர்ன், வகுப்பறைக் குரலில். "கார்ல் வண்டி வந்த முதல் வாரமே நெட்டையா எதையோ உள்ள மாட்டிட்டு, மூடலைன்னு அவன் பானெட்ல பூசணிக்காய் அளவுக்கு ஓட்டை போட்டுட்டான், அப்பா கண்ணுல படறதுக்குள்ள என் வண்டியோடதைக் கழட்டி இதுல மாட்டிக்கிட்டான், இதோட அசல் பானெட் இன்னும் என் கோழிக்கூட்டுக்குக் கூரையா இருக்கு, வேணும்னா வந்து எடுத்துக்க தம்பி, எவ்வளவு நெட்டையா மாட்டினாலும் அதுல இடிக்காது."